பழைய ரேமில் மிச்சமிருக்கும் வேகம்

மலையகத்துத் தோட்ட வீடுகளுக்கு வந்துசேரும் கணினிகள் பல, ஏற்கெனவே ஒரு சுற்று உழைத்து முடித்தவை. கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் ஐந்தாறு வருடம் பாவித்துக் கழித்த மேசைக்கணினி, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற சந்தையில் கைமாறி, ஹட்டன் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து டிக்கோயாவுக்கோ பொகவந்தலாவைக்கோ மஸ்கெலியாவுக்கோ போகிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, ஒரு கணினியாவது வீட்டில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் லயத்து வீடுகளிலும் வலுத்தது. 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாய் வரை ஏறியபோது புதுக் கணினி என்ற பேச்சே அடங்கிப் போனது. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இருப்பது மெதுவாக ஓடுகிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒரு பாடக் காணொளியையும் ஒரு பிடிஎஃப் வினாத்தாளையும் சேர்த்துத் திறந்தால் சுட்டி உறைந்து நிற்கிறது. அப்போது விவரம் தெரிந்த யாராவது ஒருவர் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: “ரேமை ஓவர்கிளாக் பண்ணிப் பாருங்க.” கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைத் தயாரிப்பாளர் குறித்ததைவிட வேகமாக ஓட்டுவதுதான் அது. காசு செலவில்லை, பாகம் மாற்றத் தேவையில்லை, திரையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்று கேட்கும்போது ஆசை வரத்தான் செய்யும்.

அந்த வைத்தியம் பொய்யில்லை. பழைய ரேமுக்குள் பாவிக்கப்படாத வேகம் கொஞ்சம் உண்மையிலேயே கிடக்கிறது. குளிர்ந்த மலைநாட்டில் அது இன்னும் கொஞ்சம் கூடவே கிடக்கிறது. ஆனால் அந்த வேகம் தயாரிப்பாளர் வேண்டுமென்றே ஒதுக்கிவைத்த பாதுகாப்பு இடைவெளி. அதைச் செலவழிப்பவர், அது எதற்காக ஒதுக்கப்பட்டது, செலவழித்தால் என்ன கிடைக்கும், எங்கே பிழைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு செலவழிக்க வேண்டும்.

ஒரு பிட் எங்கே தங்குகிறது

இன்று நாம் பாவிக்கும் ரேமின் அடிப்படைக் கலத்தை ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ரொபர்ட் டெனார்ட் உருவாக்கினார். அதற்கான காப்புரிமை 1968-இல் கிடைத்தது. அந்தக் கலத்தில் இரண்டே உறுப்புகள்: ஒரு கொள்ளளவி, ஒரு டிரான்சிஸ்டர். கொள்ளளவியில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. டிரான்சிஸ்டர் அதன் கதவு. ஒரு பிட்டைச் சேமிக்க இவ்வளவு குறைந்த உறுப்புகளே போதும். அதனால்தான் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே வடிவம் நிலைக்கிறது. ஒரு சாண் நீளமும் இல்லாத 4 ஜிபி ரேம் தகடு ஒன்றில் இப்படிப்பட்ட கலங்கள் ஏறத்தாழ 3,436 கோடி இருக்கின்றன.

ஒரு கலத்தில் தங்கும் மின்னேற்றம் மிகச் சொற்பம். ஏறத்தாழ ஓர் இலட்சம் இலத்திரன்கள் என்ற அளவு. அதுவும் நிலையாக நிற்பதில்லை. மூடிய கதவு வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. ஆகவே ரேம் தன்னைத் தானே ஓயாமல் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 64 மில்லி செக்கனுக்குள் எல்லாக் கலங்களும் ஒருமுறை வாசிக்கப்பட்டு மீண்டும் எழுதப்பட வேண்டும் என்பது விதி. இந்த வேலை 8,192 கட்டளைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, 7.8 மைக்ரோ செக்கனுக்கு ஒரு கட்டளை. மின்சாரம் நின்றால் புதுப்பிப்பும் நிற்கும், சேமிக்காத எழுத்தும் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், இந்த இயற்பியல் எத்தனையோ பிள்ளைகளின் ஒப்படைகளை அழித்தது.

இனி ஒரு பிட் வாசிக்கப்படும் விதத்தைக் கவனியுங்கள், ஏனென்றால் ஓவர்கிளாக் கைவைப்பது இங்கேதான். கலங்கள் வரிசைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கப்பட்டிருக்கின்றன. முதலில் ஒரு முழு வரிசையின் கதவுகள் திறக்கின்றன. ஒவ்வொரு கலத்தின் மின்னேற்றமும் ஒரு நீண்ட கம்பியில் பரவி, அதன் மின்னழுத்தத்தை இம்மியளவு ஏற்றும் அல்லது இறக்கும். கம்பியின் முனையில் உள்ள உணர்பெருக்கி அந்தச் சிறு மாற்றத்தைப் பெரிதாக்கி, இது 1, இது 0 என்று தீர்மானிக்கும். தீர்மானித்ததை அதே கலத்தில் திரும்ப எழுதவும் வேண்டும், ஏனென்றால் வாசித்ததாலேயே அந்த மின்னேற்றம் கலைந்துவிட்டது. அதன்பிறகு தேவையான நிரல் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தரவு வெளியே வரும். அடுத்த வரிசையைத் திறக்கும் முன் கம்பிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் நேரம் தேவை. ரேம் தகட்டின் விவரத்தில் 9-9-9-24 என்று நான்கு எண்கள் காணப்படுவது இந்தப் படிகளுக்கான காத்திருப்புத்தான்; கடிகாரத் துடிப்புகளில் சொல்லப்பட்டிருக்கிறது. உணர்பெருக்கி தீர்மானிப்பதற்குள் தரவைக் கேட்டால் பிழையான விடை வரும். திரும்ப எழுதி முடிவதற்குள் வரிசையை மூடினால் கலத்தில் அரைகுறை மின்னேற்றம்தான் மிஞ்சும். இந்தக் காத்திருப்புகளில் எதைக் குறைக்கலாம், எவ்வளவு குறைக்கலாம் என்பதே ஓவர்கிளாக் செய்பவரின் முழுக் கேள்வியும்.

இரண்டு விதமான வேகம்

ரேமின் வேகம் என்ற சொல்லுக்குள் இரண்டு அளவுகள் இருக்கின்றன. கொழுந்து மடுவத்திலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் லொறியை எண்ணிப் பாருங்கள். ஒரு நடையில் எத்தனை கிலோ ஏற்றுகிறது என்பது ஒன்று. கூப்பிட்டால் வந்துசேர எத்தனை நிமிடம் என்பது வேறொன்று. பெரிய லொறி வாங்கினால் முதலாவது கூடும். பாதை அதே கொண்டை ஊசி வளைவுப் பாதையாக இருந்தால் இரண்டாவது மாறாது.

ரேமில் முதலாவதை அலைவரிசை அகலம் என்றும் இரண்டாவதைத் தாமதம் என்றும் சொல்வோம். மலையகத்தில் இன்னும் பாவனையில் உள்ள டிடிஆர்3 ரேமை எடுத்துக்கொள்வோம். இந்த வகைக்கான தரவிதி 2007-இல் வந்தது. ‘டிடிஆர்3-1333’ என்று எழுதப்பட்டிருந்தால் அதன் கடிகாரம் ஏறத்தாழ 667 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் தரவு போவதால் செக்கனுக்கு 1,333 மில்லியன் மாற்றங்கள். ஒரு மாற்றத்துக்கு 8 பைட். ஆக, செக்கனுக்கு ஏறத்தாழ 10,600 மெகாபைட். இதையே 1600-க்கு உயர்த்தினால் 12,800 மெகாபைட். 20 சதவீதம் கூடுதல்.

தாமதத்தின் கணக்கு வேறு. 1333-இல் ஒரு துடிப்பு 1.5 நானோசெக்கன். 9 துடிப்பு காத்திருந்தால் 13.5 நானோசெக்கன். 1600-இல் ஒரு துடிப்பு 1.25 நானோசெக்கன், அந்த வேகத்துக்கு வழக்கமாகக் குறிக்கப்படும் 11 துடிப்புக் காத்திருந்தால் 13.75 நானோசெக்கன். எண் 1333-இலிருந்து 1600-க்கு ஏறியும் காத்திருப்பு இம்மியும் குறையவில்லை! கலமும் கம்பியும் உணர்பெருக்கியும் அதே சிலிக்கன்தானே. 1600-இல் ஓடிக்கொண்டே 9 துடிப்பில் விடை சொல்லக்கூடிய தகடு வாய்த்தால்தான் தாமதம் 11.25 நானோசெக்கனாக இறங்கும். பெட்டியில் பெரிய எண் இருக்கிறதே என்று வாங்கி ஏமாறாமல் இருக்க இந்த ஒரு பெருக்கல் போதும்: துடிப்புகளின் எண்ணிக்கை, ஒரு துடிப்பின் நேரம்.

குளிர் தரும் கொடை

தயாரிப்பாளர் 1333 என்று முத்திரை குத்திய தகடு 1600-இல் ஓடுவது எப்படிச் சாத்தியமாகிறது? ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் பிறந்த சிப்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு சிப்புக்குள்ளேயே நல்ல கலமும் நோஞ்சான் கலமும் உண்டு. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம், மிக மோசமான கலத்துக்கும், மின்னழுத்தம் சற்றுக் குறைந்த நிலைக்கும், சிப் 85 பாகை செல்சியஸ் வரை சூடேறிய நிலைக்கும் சேர்த்துத் தரப்படுவது. அதற்கு மேல் சூடேறினால் 64 மில்லி செக்கனுக்குப் பதிலாக 32 மில்லி செக்கனுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. வெப்பம் ஏற ஏறக் கசிவு கூடும். ஏறத்தாழ 10 பாகை ஏறினால் மின்னேற்றம் தங்கும் காலம் பாதியாகும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை; கொழும்பில் 27, 28. அதே தகடு, அதே வேலை, ஆனால் மலையில் அது பத்துப் பன்னிரண்டு பாகை குளிர்ந்த காற்றில் இருக்கிறது. 85 பாகைக்கென்று ஒதுக்கிய இடைவெளியில் பெரும்பகுதி இங்கே சும்மா கிடக்கிறது.

இது ஊகமில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் 115 டிடிஆர்3 தகடுகளை இதற்காகவே சோதித்தார்கள். வெப்பநிலை 55 பாகையாக இருக்கும்போது, காத்திருப்பு நேரங்களைப் பிழையே வராமல் கணிசமாகக் குறைக்க முடிந்தது. வரிசை திறக்கும் நேரத்தில் ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்தது. எழுதிய பின் காத்திருக்கும் நேரம் பாதிக்கும் கீழே வந்தது. நினைவகத்தை அதிகம் நாடும் நிரல்கள் இதனால் சராசரியாக 14 சதவீதம் வேகமாக ஓடின. அவர்களது கருத்து எளிமையானது: வெப்பநிலையை அளந்து, அதற்கேற்பக் காத்திருப்பைக் கணினியே மாற்றிக்கொள்ளட்டும். நம் பழைய கணினிகள் அப்படி மாற்றிக்கொள்வதில்லை. கொழும்பு வெயிலுக்கும் நுவரெலியா பனிக்கும் ஒரே எண்ணைத்தான் பாவிக்கின்றன.

ஆனாலும் குளிரை மட்டும் நம்பி வேகத்தை ஏற்றிவிட முடியாது. கலத்தின் கசிவு ஒரு எல்லை மட்டுமே. தகட்டுக்கும் கணினியின் செயலியான சிபியுவுக்கும் இடையே உள்ள செப்புப் பாதைகளில் சமிக்ஞை தெளிவாகப் போக வேண்டும். சிபியுவுக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தி அந்த வேகத்தைத் தாங்க வேண்டும். குளிர்ந்த அறை இவற்றுக்குத் துணை நிற்குமே தவிர எல்லையை இல்லாமல் செய்யாது.

60 செக்கனில் 2 செக்கன்

சரி, 20 சதவீதம் ஏற்றிவிட்டோம். கணினி 20 சதவீதம் வேகமாகுமா? ஜீன் அம்டால் 1967-இல் சொன்ன விதி இங்கே கைகொடுக்கிறது: ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், மொத்த நேரத்தில் அந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கோ அந்த அளவுக்கே பலன்.

ஒரு வேலைக்கு 60 செக்கன் எடுக்கிறது, அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12 செக்கன், ரேமுக்காகக் காத்திருப்பதில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1333-இலிருந்து 1600-க்கு ஏற்றினால் அந்த 12 செக்கன் 10 ஆகும். மொத்தம் 58. இரண்டே செக்கன் மிச்சம்! மிச்ச 48 செக்கனுக்கும் ரேமின் வேகத்துக்கும் சம்பந்தமில்லை.

சிபியுவுக்குள் கேஷ் என்ற சிறு நினைவகம் இருப்பதும் இதற்குக் காரணம். 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவின் ஒரு துடிப்பு 0.33 நானோசெக்கன். ரேம் வரை போய்த் தரவு எடுத்து வர எல்லாம் சேர்த்து 60 முதல் 100 நானோசெக்கன் வரை ஆகும். அதாவது இருநூறு முந்நூறு துடிப்புகள் வீண். சிபியுக்கள் வருடா வருடம் பாய்ந்து முன்னேற, ரேமின் தாமதம் பின்தங்கியே நின்றது. வுல்ஃப், மெக்கீ என்ற இரு ஆய்வாளர்கள் 1995-இல் இதை நினைவகச் சுவர் என்று பெயரிட்டு எச்சரித்தார்கள். அந்தச் சுவரில் முட்டாமல் இருக்கத்தான் கேஷ். அடிக்கடி வேண்டியதைச் சிபியு பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. கட்டுரை தட்டச்சு செய்வது, இணையப் பக்கம் வாசிப்பது போன்ற வேலைகளில் கேஷ் பெரும்பாலும் போதுமாக இருப்பதால் ரேமின் வேகம் தெரிவதே இல்லை.

ரேமின் வேகம் நன்றாகத் தெரியும் இடமும் ஒன்று உண்டு. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில், திரையில் படம் வரையும் பகுதி சிபியுவோடு சேர்ந்து அதே ரேமைத்தான் பாவிக்கிறது. விளையாட்டு, முப்பரிமாண வரைவு போன்றவற்றுக்கு அலைவரிசை அகலம் பசியோடு தேவைப்படும். அங்கே 20 சதவீதத்தில் பெரும்பகுதியைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் நாம் தொடக்கத்தில் பார்த்த பிள்ளையின் கணினி உறைந்து நிற்பதற்குக் காரணம் ரேமின் வேகமாக இருக்க வாய்ப்புக் குறைவு. 2 ஜிபியோ 4 ஜிபியோ ரேம் உள்ள கணினியில் பிரவுசரில் ஐந்தாறு பக்கமும் ஒரு காணொளியும் திறந்தால் ரேம் நிறைந்துவிடும். நிறைந்ததும் விண்டோஸ் ரேமில் உள்ளதைக் கொஞ்சம் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும். வேண்டும்போது திருப்பி எடுக்கும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒருமுறை சுற்ற 8.3 மில்லி செக்கன்; வாசிக்கும் முனை இடம் தேடி நகரவும் நேரம் வேண்டும்; ஆக, ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 12 மில்லி செக்கன். ரேமின் 100 நானோசெக்கனோடு ஒப்பிட்டால் இது 1,20,000 மடங்கு. ரேமுக்கான காத்திருப்பை ஒரு செக்கன் என்று கொண்டால், டிஸ்க்குக்கான காத்திருப்பு 33 மணி நேரம். இந்த இடத்தில் ரேமின் 13.5 நானோசெக்கனை 11.25 ஆக்குவதால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே முதலில் காத்திருப்பு எங்கே என்று பாருங்கள். கணினி திணறும் நேரத்தில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் பணி மேலாளர் திறக்கும். அதில் நினைவகம் 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் நோய் தெரிந்துவிட்டது: ரேமின் அளவு போதவில்லை. இன்னொரு தகடு போடுங்கள், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். எஸ்எஸ்டியில் ஒரு தேடல் ஏறத்தாழ 0.1 மில்லி செக்கன். டிஸ்க்கைவிட நூறு மடங்கு வேகம்.

எண்ணை மாற்றும் முன்

நோய் ரேமின் வேகத்தில்தான் என்று தெரிந்தபின், கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரலான பயோஸைத் திறக்கலாம். அதற்கும் முன் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஒரே ரேம் தகடு மட்டும் இருந்தால், அதே அளவு, அதே வேகம் உள்ள இன்னொன்றை உரிய துளையில் பொருத்தினால் இரட்டைத் தடம் இயங்கத் தொடங்கும். அலைவரிசை அகலம் கோட்பாட்டளவில் இரு மடங்கு. எந்த ஓவர்கிளாக்கும் தராத பலன் இது. பல தாய்ப்பலகைகளில் ஒரே நிறத் துளைகள் இரண்டிலும் போட வேண்டும். 1600 தகடும் 1333 தகடும் கலந்திருந்தால் இரண்டும் 1333-இல்தான் ஓடும். மெதுவானதை மாற்றினாலே வேகமானது தன் சொந்த வேகத்துக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு தகட்டிலும் ஒரு சிறு நினைவகச் சிப் தனியாக இருக்கிறது. அந்தத் தகடு எந்தெந்த வேகத்தில், எத்தனை துடிப்புக் காத்திருப்பில் ஓடும் என்ற குறிப்பைத் தயாரிப்பாளர் அதில் எழுதிவைத்திருக்கிறார். கணினி எழும்போது பயோஸ் அதை வாசித்துத்தான் எண்களை வைக்கிறது. ஓவர்கிளாக் என்பது அந்தக் குறிப்பைத் தள்ளிவைத்துவிட்டு நாமே எண் தருவது.

எல்லாக் கணினியும் இதற்கு இடம் தராது. அலுவலகத்துக்கென்று செய்யப்பட்ட டெல், ஹெச்பி மேசைக்கணினிகளின் பயோஸில் பெரும்பாலும் அந்தப் பக்கமே இருக்காது. இன்டெலின் ஹெச்61 சிப்செட் பலகைகளில் இரண்டாம் தலைமுறை கோர் சிபியு இருந்தால் 1333, மூன்றாம் தலைமுறை இருந்தால் 1600. அதற்கு மேல் போக வழியில்லை. அதற்கு முந்திய கோர் 2 காலத்துப் பலகைகளில் வழி உண்டு, ஆனால் அடிப்படைக் கடிகாரத்தை ஏற்றும்போது சிபியுவும் சேர்ந்து ஏறும். எது பிழைத்தது என்று கண்டுபிடிப்பது சிரமம்.

இடம் தரும் பலகையில் ஒழுங்கு இதுதான். முதலில் இருக்கும் எண்களை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: வேகத்தை ஒரு படி ஏற்றினால் காத்திருப்பைத் தொடாதீர்கள். மின்னழுத்தத்தில் கைவைக்காமல் கிடைப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், அதற்கு மேலும் கீழும் 0.075 வோல்ட் வரைதான் விதி அனுமதிக்கிறது. பழைய தகட்டை உயர்ந்த மின்னழுத்தத்தில் ஓட்டினால் அதன் மிச்ச ஆயுளும் சிபியுவின் ஆயுளும் குறையும்; மாற்று வாங்கக் கொழும்பு வரை போக வேண்டியவர்களுக்கு அது நல்ல பேரம் இல்லை. எண் ஏற்க முடியாததாக இருந்தால் திரை கறுப்பாகவே நிற்கும். மின்சாரத்தை நிறுத்தி, வயரைக் கழற்றி, பலகையில் உள்ள நாணய அளவு பற்றரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பழைய எண்கள் வந்துவிடும்.

சத்தமில்லாத பிழை

திரை கறுத்தால் பயமில்லை, பிழை தெரிந்துவிட்டது. பயப்பட வேண்டியது கணினி நன்றாக ஓடுவது போலவே ஓடி, எப்போதாவது ஒரு பிட்டை மட்டும் மாற்றிவிடும் நிலைக்குத்தான்.

தோட்டத்து நாட்கூலிப் பதிவேடான செக்ரோலில் ஒருவர் பறித்த கொழுந்து 18 கிலோ என்று பதிந்திருக்கிறது என்று வைப்போம். இரும எண்ணில் 18 என்பது 00010010. இதில் 8-இன் இடத்தில் உள்ள 0 மட்டும் 1 ஆனால் 00011010, அதாவது 26. அதே எண்ணில் 16-இன் இடத்தில் உள்ள 1 மறைந்தால் 2. ஒரே ஒரு கலத்தின் மின்னேற்றம் பிசகினால் ஒருவரது நாட்கூலி பிசகும். எழுத்துக்கும் இதே கதிதான். யூனிகோடில் ‘ம’வுக்கும் ‘ப’வுக்கும் ஒரே பிட் வித்தியாசம், ‘மணி’ என்று சேமித்தது ‘பணி’ என்று திறக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. கெட்டுப்போன தரவு டிஸ்க்கில் எழுதப்பட்டு, பிரதி எடுக்கப்பட்டு, நல்ல தரவைப் போலவே நிலைத்துவிடும். சேர்வர்களில் பாவிக்கப்படும் ரேம் கூடுதல் பிட்களை வைத்து இத்தகைய பிழையைக் கண்டு திருத்தும்; வீட்டுக் கணினி ரேமில் அந்த வசதி இல்லை.

இயல்பான வேகத்திலேயே இது நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கூகுளின் சேர்வர்களில் உள்ள ரேம் தகடுகளில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஆண்டொன்றில் ஒரு பிழையையாவது காட்டின. வயது கூடக் கூடப் பிழையும் கூடியது. பெரும்பாலான பிழைகளுக்குத் தகட்டிலேயே இருந்த நிரந்தரப் பழுதுதான் காரணமாகத் தெரிந்தது. பத்து வருடம் ஓடிய தகட்டை அதன் எல்லைக்குத் தள்ளும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இங்கே இன்னொரு கேள்வியும் எழும். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும் நியூட்ரான்களும் ரேமின் பிட்டை மாற்றக்கூடியவை. ஐபிஎம் ஆய்வாளர் ஜேம்ஸ் சீக்லரின் குழு, அமெரிக்காவில் 3,000 மீற்றருக்கு மேல் இருக்கும் லெட்வில் நகரில் சிப்களை வைத்து, கடல்மட்டத்தைவிட அங்கே பிழை கூடுதல் என்று காட்டியது. நுவரெலியாவுக்கு மேலே உள்ள காற்று கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே இங்கும் நியூட்ரான்கள் சில மடங்கு கூடுதலே. ஆனால் பூமியின் காந்தமையக் கோடு நமக்குப் பக்கத்தில் போகிறது. கேரளத்தின் தும்பாவில் 1963-இல் ரொக்கெட் ஏவுதளம் அமைந்ததும் அந்தக் கோட்டின் அருகாமையால்தான். அந்தக் கோட்டை அண்டிய பகுதிகளில் பூமியின் காந்தப்புலம் அண்டக்கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகிறது. உயரம் கூட்டியதை அமைவிடம் ஓரளவு குறைத்துவிடுகிறது. வீட்டுக் கணினி ஒன்றுக்கு இது கவலைப்படும் அளவு இல்லை; தவறான எண் வைத்த ரேம் அதைவிடப் பெரிய ஆபத்து.

அதனால் சோதிக்காமல் ஓவர்கிளாக்கை நம்பக்கூடாது. மெம்டெஸ்ட்86 என்ற நிரலை கிறிஸ் பிரேடி 1994-இல் எழுதினார். அதன் வழியில் வந்த மெம்டெஸ்ட்86 பிளஸ் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. பென் டிரைவில் ஏற்றிக் கணினியை அதிலிருந்து எழுப்பினால், ரேமின் ஒவ்வொரு கலத்திலும் வெவ்வேறு ஒழுங்குகளில் எழுதி வாசித்துப் பார்க்கும். ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். பகலில், அடுப்பு எரியும் நேரத்தில், அறை சூடாக இருக்கும்போதும் ஒருமுறை ஓட்டுங்கள். இரவுக் குளிரில் தேறியது மதிய வெப்பத்தில் தேறாமல் போகலாம். சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தாலும் ஒரு படி இறங்குங்கள். ஒரு பிழைதானே என்று விடக்கூடாது.

மலைக்குரிய எதிரிகள்

குளிர் உதவுகிறது என்றோம். அதோடு வரும் மற்றவை உதவுவதில்லை. லயத்து வீடுகளில் விறகடுப்புப் புகை முன்னறைக்கும் வரும். அந்தக் கரி, மின்விசிறியின் இலைகளிலும் சிபியுவுக்கு மேலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்குகளிலும் எண்ணெய்ப் பிசுக்கோடு படிந்து காற்றை அடைக்கும். நுவரெலியாவின் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் அள்ளிச் செல்லும் காற்றும் குறைவு. குளிர்ந்த காற்று இதை ஈடுசெய்துவிடும், இடுக்குகள் சுத்தமாக இருந்தால்.

ஈரம் இன்னொன்று. மூடுபனி நாட்களில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த கணினியின் உலோகத்தில், காலையில் சமையல் ஆவி பட்டால் நீர் படியும். அறை வெதுவெதுப்பானதும் உடனே சுவிட்சைப் போடாமல் சற்றுப் பொறுப்பது நல்லது. ரேம் தகட்டின் ஓரத்தில் உள்ள பொன்னிறத் தொடுமுனைகளிலும் அவை அமரும் துளையிலும் மெல்லிய அழுக்குப் படலம் உண்டானால் தொடர்பு தளர்ந்து, ஓவர்கிளாக் செய்யாமலே பிழை வரும். பழுதுபார்ப்பவர்கள் அழிறப்பரால் தேய்ப்பார்கள்; பலன் உண்டு, ஆனால் அடிக்கடி தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணி அதைவிட மேல். ரேமைக் குறைசொல்லும் முன் ஒருமுறை கழற்றித் துடைத்துப் போட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டிய வரிசை

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை தானே தெளிகிறது. முதலில் சுத்தம். அடுத்து, காத்திருப்பு எங்கே என்ற அளவீடு. பிறகு ரேமின் அளவைக் கூட்டுவது, எஸ்எஸ்டி போடுவது, ஜோடித் தகடுகளை உரிய துளைகளில் போடுவது. தகடு தன் சொந்த முத்திரை வேகத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பது அதற்கடுத்தது. இவை எல்லாம் முடிந்தபின், பலகை இடம் தந்தால், மின்னழுத்தத்தைத் தொடாமல் ஒரு படி ஓவர்கிளாக். கிடைப்பது சில சதவீதம். சோதனையில் தேறினால் வைத்துக்கொள்ளலாம். தோட்டக் கணக்கும் பரீட்சை ஒப்படையும் இருக்கும் கணினி என்றால், அந்தச் சில சதவீதத்தை விட்டுவிடுவதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனாலும் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்றே மலையகத்து மாணவர்களிடம் சொல்வேன். நெனசல நிலையங்கள் 2005 முதல் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் கணினியைக் கொண்டுபோயின. பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பாடமாக இருக்கிறது. இவற்றில் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது நிரல்களைப் பாவிக்கும் விதம். கணினியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கும் துணிவு அதில் வருவதில்லை. பாடசாலை ஆய்வுகூட மூலையில் ஓடாமல் கிடக்கும் பழைய கணினி ஒன்று போதும். எழும்ப எவ்வளவு நேரம், ஒரு பெரிய கோப்பைச் சுருக்க எவ்வளவு நேரம் என்று முதலில் அளந்து எழுதுங்கள். ஒன்றை மாற்றுங்கள், மீண்டும் அளந்து எழுதுங்கள். மாற்றம் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும் ஒரே சோதனையைச் செய்தால், வெப்பநிலைக்கும் பிழைக்கும் உள்ள தொடர்பை உங்கள் கொப்பியிலேயே காணலாம். கார்னகி மெலனில் 115 தகடுகளோடு செய்ததும் இதே வகை வேலைதான். அவர்களிடம் கருவிகள் கூடுதல், உங்களிடம் குளிர் இலவசம். இரண்டு செக்கன் மிச்சமாவது சிறு பலன். ஒரு பொறியின் எல்லையை அளந்து தெரிந்துகொள்ளப் பழகுவது, அடுத்து கைக்கு வரும் எந்தப் பொறிக்கும் உதவும் அறிவு.